எஸ்கேப் ரூமில் ஆட்டம் சொதப்பினால் எங்கே கை வைப்பது: அறிகுறி வாரியாக

எஸ்கேப் ரூம் என்றால், ஒரு குழு அறைக்குள் போய், புதிர்களை அவிழ்த்து, நேரம் முடியும் முன் வெளியே வரும் ஆட்டம். புதுச்சேரியில் அதை நடத்துபவர்களுக்கும், கடலூர் பக்கம் புதிதாக ஒன்று போடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது. விளையாடப் போகிறவர்களும் படிக்கலாம். கொடுத்த காசுக்கு ஆட்டம் ஏன் சப்பென்று போனது என்று புரியும்.

ஆட்டம் சரியில்லை என்றதும் நடத்துபவர்கள் முதலில் புதிரைத்தான் சந்தேகப்படுவார்கள். 'ரொம்ப கஷ்டமா வெச்சுட்டோம்' என்பார்கள், இல்லாவிட்டால் 'ரொம்ப ஈஸியா வெச்சுட்டோம்' என்பார்கள். பெரும்பாலும் புதிர் ஒரு பாவமும் செய்திருக்காது. உள்ளே இருப்பவர்கள் மனதில் 'நான் தப்பா யோசிக்கிறேனா, இல்ல இந்தச் சாமானே கெட்டுப்போச்சா?' என்ற சந்தேகம் நுழைந்ததுதான் காரணம். அது நுழைந்ததும் யோசிப்பதை விட்டுவிட்டு இழுக்கவும் தட்டவும் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல புதிர் வைத்திருந்தாலும் வீண்.

ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அதே வரிசையில் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

## உள்ளே ஒருவருக்குப் படபடப்பு, மூச்சு முட்டுகிறது என்கிறார்

காரணம் தேடுவதெல்லாம் பிறகு. கதவைத் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு, அவரை வெளியே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். 'இன்னும் அஞ்சு நிமிஷம்தான் அக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க' என்று மைக்கில் சமாதானம் சொல்லும் பையனை கேம் மாஸ்டர் (கேமராவில் பார்த்து ஆட்டத்தை நடத்துபவர்) நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள்.

குழு போன பிறகு, ஆற அமர இவற்றைப் பாருங்கள்.

வாசல் கதவு உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா? பூட்டியிருக்கக் கூடாது. 'பூட்டிவிட்டோம்' என்பது கதையில் வரலாம், கதவில் வரக்கூடாது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

காந்தப் பூட்டு போட்டிருக்கிறீர்களா? கரண்ட் போனால் காந்தப் பூட்டு தானாக விட்டுவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அது இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் விடாது, பிடித்துக்கொண்டே இருக்கும். கடையை மூடியபின் மெயினை அணைத்து, உள்ளே நின்று ஒரு விரலால் கதவைத் தள்ளிப் பாருங்கள். பிறகு கதவைத் திறக்க உள்ளே வைத்திருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தப் பொத்தான் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்கவேண்டும். ஆர்டுயினோவுக்கு (புதிர்களை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) சேதி சொல்லி, அது ரிலேவுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சொல்லி, ரிலே பூட்டுக்குச் சொல்லும் ஏற்பாடு ஆபத்து நேரத்தில் உதவாது.

அலங்காரம் எதில் செய்திருக்கிறீர்கள்? தெர்மாகோலில் குகை, சாக்குத் துணியில் திரை, அதற்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இந்தச் சேர்க்கை எங்கே இருந்தாலும் கலைத்துவிடுங்கள்.

2019 ஜனவரியில் போலந்தின் கோஷலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாட வந்த 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அந்த நாடு முழுக்கச் சோதனை நடத்திப் பல அறைகளை மூடினார்கள். அதனால் இந்த ஒரு தலைப்பில் மட்டும் 'நாமே பார்த்துக்கலாம்' என்ற பேச்சு வேண்டாம். வெளியேறும் வழி, ஒயரிங், தீயணைப்பான் மூன்றுக்கும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனையும் தீயணைப்புத் துறையையும் கடை திறப்பதற்கு முன்பே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

## சரியான எண்ணைப் போட்டும் பூட்டு திறக்கவில்லை என்கிறார்கள்

நாங்கள் அதிகம் ஓடுவது இதற்குத்தான். வாரநாளில் வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உள்ளே பெங்களூரிலிருந்து வந்த கூட்டம், வெளியே அடுத்த குழு செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான் வரும்.

உள்ளே ஓடாதீர்கள். முதலில் கேமராவில் பாருங்கள். அவர்கள் போட்ட எண் உண்மையிலேயே சரியானதுதானா? அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### எண் தவறு, ஆனால் அவர்கள் சரி என்று நம்புகிறார்கள்

இங்கே கெட்டுப்போயிருப்பது பூட்டு இல்லை, கேள்வி. சுவரில் பிரெஞ்சுக் கொடி இறங்கும் படம், கீழே நான்கு இலக்கப் பூட்டு, 'புதுச்சேரி விடுதலை ஆண்டு' என்று ஒரு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வந்தவர் யோசிக்காமல் 1947 போடுவார். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர் 1954 போடுவார், ஆட்சி கைமாறியது அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று. பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்த பெண் 1962 போடுவாள், சட்டப்படி இணைப்பு முடிந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்றுதான். கடைசி இரண்டு பேருமே சரி, ஆனால் பூட்டுக்குத் தெரிந்தது ஒரு விடைதான். 1962 போட்டவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு 'பூட்டு ரிப்பேர்பா' என்று உட்கார்ந்துவிடுவாள். அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. விடை அறைக்குள்ளேயே கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். 'நவம்பர் 1, திங்கட்கிழமை, 1954' என்று அச்சிட்ட நாள்காட்டித் தாளைப் படத்துக்கு அருகில் மாட்டிவிட்டால் சண்டை தீர்ந்தது. வெளியே படித்து வந்தால்தான் திறக்கும் என்ற நிலையில் எந்தப் பூட்டையும் வைக்காதீர்கள். அது வினாடி வினா ஆகிவிடும்.

தமிழ் எண்களை வைத்துப் புதிர் போடுபவர்களுக்கும் இதே தொல்லை. பழைய வீட்டுக் கதை என்றால் ௧௭௬௧ என்று கதவு நிலையில் செதுக்கத் தோன்றும், பார்க்கவும் அழகு. வருபவர்கள் அதைக் 'க எ சு க' என்று எழுத்தாகவே படிப்பார்கள். ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டு பலகையில் எழுதி, தலைகீழாகத் திருப்பி, அரைமணி நேரம் அதிலேயே போகும். அறையில் வேறு எங்காவது, தமிழ் எண் போட்ட ஒரு கடிகார முகமோ எண்சுவடிப் பக்கமோ கண்ணில் படும்படி வையுங்கள். ௰, ௱, ௲ (பத்து, நூறு, ஆயிரம்) குறிகளைக் கலந்து பழைய முறையில் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். எழுதியவருக்குத்தான் அதில் சந்தோஷம்.

### எண் சரி, பூட்டு சாதாரண எண் பூட்டு

எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று தெரியவில்லை. பாதிப் புகார் இதுதான். பூட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கோடு மங்கிய வெளிச்சத்தில் தெரியாது. சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வையுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அதே வகைப் பூட்டு ஒன்றைக் கையில் கொடுத்து ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணே மாறிப்போயிருக்கிறது. எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள பூட்டுகளில், திறந்திருக்கும்போது வளையத்தைத் திருப்பி அழுத்தினால் புது எண் பதிவாகிவிடும். போன குழுவில் ஒரு பொடியன் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்திருப்பான், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ரீசெட் செய்யும்போது, அதாவது அடுத்த குழுவுக்காக அறையைப் பழையபடி அடுக்கும்போது, வெறுமனே பூட்டி வைக்காமல், பூட்டிக் கலைத்து, மறுபடி எண் போட்டுத் திறந்து பார்த்தபிறகே மூடவேண்டும். அடிக்கடி நடந்தால், எண் மாற்றமுடியாத பூட்டு வாங்குவதுதான் வழி.

உப்புக் காற்று. கடற்கரை ஊரில் இதற்குத் தப்பமுடியாது. உடம்பு பித்தளையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இரும்பு, வளையமும் இரும்பு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு வாரம் தொடாமல் விட்டால் வளையம் குதிக்காது. எண் சரியாக விழுந்திருக்கும், ஆனால் கையால் இழுத்தால்தான் வெளியே வரும். ஆடுபவர் மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு, எண் தவறு என்று அடுத்த விடைக்குப் போய்விடுவார். ஒரு குழுவின் முழு ஆட்டமும் அந்த இடத்தில் தடம் மாறிவிடும். தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசி சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டிய தூளை வளையத் துளையிலும் சக்கர இடுக்கிலும் போட்டு நாலு முறை திறந்து மூடினால் வழுக்கிக்கொண்டு வரும்.

கதைக்குப் பொருத்தமாகச் சாவிப் பூட்டு வேண்டும் என்றால் எனக்குத் திண்டுக்கல் பூட்டுதான் பிடிக்கும். கையில் எடுத்தாலே கனம் தெரியும், சாவி திரும்பும் சத்தமே ஒரு பரிசு. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. ஆடியவர் சட்டைப்பையில் சாவியோடு சென்னை பஸ் ஏறிவிட்டால் அடுத்த குழுவுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? மாற்றுச் சாவி கல்லாவில் இருக்கட்டும்.

பென்சில் தூளுக்கும் மசியவில்லை என்றால் பூட்டு ரிப்பேர்க்காரரிடம் ஓடவேண்டாம், சின்ன எண் பூட்டு அந்தச் செலவுக்குப் பெறாது. அதே எண் வைத்த மாற்றுப் பூட்டு ஒன்று எப்போதும் மேசை டிராயரில் இருக்கவேண்டும்.

### எண் சரி, பூட்டு மின்பூட்டு

காதை வைத்துக் கேளுங்கள். 'டக்' என்று சத்தம் வருகிறதா?

சத்தம் வருகிறது, கதவு வரவில்லை. சாலினாய்டு பூட்டு (மின்சாரம் வந்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை) என்றால், ஆடுபவர்களே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நாக்கு பக்கவாட்டில் இறுகிக்கொண்டு உள்ளே போகாது. கதவுக்குப் பின்னால் சின்ன ஸ்பிரிங் ஒன்றை வைத்து, பூட்டு விட்டதும் கதவு தானாக ஒரு விரற்கடை வெளியே வரும்படி செய்யுங்கள். யாரும் இழுக்கவேண்டிய தேவையே இருக்காது. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிக்கொண்டாலும் இதே கதைதான், அதற்குத் தச்சரிடம் சொல்லி ஓரத்தை இழைக்கவேண்டும்.

சத்தமே இல்லை. மல்டிமீட்டரை எடுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், அதை நம்பவேண்டாம். பூட்டு இழுக்கும் நொடியில் பாருங்கள். 11க்குக் கீழே விழுந்தால் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) களைத்துவிட்டது, இல்லையென்றால் ஒயர் மெல்லியது. ஸ்பீக்கருக்குப் போடும் ஒயரில் நீளமாக இழுத்துப் பூட்டு மாட்டியிருப்பதை நிறைய இடத்தில் பார்க்கலாம்.

பூட்டு இழுத்ததும் எல்லாம் அணைந்து மறுபடி எரிகிறது. பூட்டின் சுருளிலிருந்து திரும்பி வரும் மின் அதிர்ச்சி கட்டுப்பாட்டுப் பலகையை உலுக்குகிறது. பூட்டின் இரு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு வரும்படி. சில்லறைக் காசுச் சாமான். பலகைக்கும் பூட்டுக்கும் தனித்தனி மின்வழி கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

காந்தப் பூட்டு சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் விடுகிறது. தகட்டில் துரு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுபடி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தகட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் வளையத்தையும் பாருங்கள். தகடு கொஞ்சம் ஆடவேண்டும், இறுக்கி முறுக்கினால் முழுசாக ஒட்டாது.

பொருளை வைத்தால் திறக்கும் வகை. சிலையை மேடையில் வைத்ததும் பெட்டி திறக்கும் புதிர்களில் இரண்டு சாமான்தான் உள்ளே இருக்கும். ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் இயங்குவது) என்றால் கண்ணாடிக் குழாய், கீழே விழுந்த அதிர்ச்சியில் உடைந்திருக்கலாம். காந்தத்தை நேராகக் காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆர்எஃப்ஐடி (பொருளில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையில் படிப்பது) என்றால், மலிவாகக் கிடைக்கும் ஆர்சி522 ரீடர் சில சென்டிமீட்டர் தூரம்தான் படிக்கும், நடுவில் அல்லது அடியில் உலோகத் தகடு இருந்தால் அதுவும் படிக்காது. அழகுக்காக யாரோ பித்தளைத் தட்டில் சிலையை வைத்திருப்பார்கள், அன்றிலிருந்துதான் 'அப்பப்போ வேலை செய்யல' புகார் தொடங்கியிருக்கும்.

வைஃபையில் பேசும் பலகைகள். நகரப்பகுதியில் பழைய வீடுகளின் சுவர் பருமன் உங்களுக்கே தெரியும். பக்கத்து அறையின் ஈஎஸ்பி32 பலகை கட்டளை அனுப்பும், இந்த அறை கேட்காது. ரௌட்டரை மாற்றி மாற்றிச் செலவு செய்வதைவிட ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.

மீட்டரில் மின்சாரம் சரி, டயோடு சரி, கம்பி சரி, ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறை அதே பூட்டு நின்றுபோகிறது என்றால் எலக்ட்ரானிக்ஸ் ஆளைக் கூப்பிடும் நேரம் அதுதான். கூப்பிடும்போது எந்த நேரத்தில், எது ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது என்று எழுதி வைத்திருந்து காட்டுங்கள். 'சில சமயம் ஓடல தம்பி' என்று சொன்னால் அவரும் பலகையை மாற்றிப் பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்யமுடியாது. அவர் வரும்வரை அந்தப் பூட்டுக்குப் பக்கத்திலேயே கேம் மாஸ்டர் வெளியிலிருந்து திறந்துவிட ஒரு ஸ்விட்ச் வேண்டும். ஆடுபவர்களுக்குத் தாங்கள் திறந்ததாகவே தெரியட்டும்.

## உள்ளே போனதும் யாரும் எதையும் தொடாமல் நிற்கிறார்கள்

குடும்பமாக வருபவர்களிடம் இது அதிகம். 'எதையும் ஒடச்சிடாதடா' என்று வீட்டிலிருந்தே சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள்.

நீங்கள் முன்னுரையில் என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் பதிவு செய்து கேளுங்கள். 'இதைத் தொடாதீங்க, அதை இழுக்காதீங்க, மேல ஏறாதீங்க' என்று மட்டும் பட்டியல் போட்டால் அவர்கள் கை கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். எதைத் தொடலாம் என்று முதலில் சொல்லுங்கள். தொடக்கூடாத ஏசி, ஸ்விட்ச் போர்டு, சிசிடிவி ஒயர் எல்லாவற்றிலும் ஒரே நிற ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, 'இந்த ஸ்டிக்கர் இல்லாத எல்லாம் உங்களுடையது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சுவரில் உப்புப் பூத்து ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும், அதையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

அப்படியும் நின்றால், முதல் புதிர் தூரமாக இருக்கிறது. உள்ளே போன ஓரிரு நிமிடத்தில் ஏதாவது ஒன்று திறந்தாகவேண்டும். சின்ன டப்பாவாக இருந்தாலும் போதும், அறை தங்களுக்குப் பதில் சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். வாசல் பக்கத்திலேயே எளிய புதிர் ஒன்றைச் சேர்ப்பது ஒரு பழைய மரப்பெட்டி விலைதான்.

## ஒருவர் மட்டும் ஆடுகிறார், மற்றவர்கள் சுவரில் சாய்ந்து போன் தேடுகிறார்கள்

எத்தனை பேரை உள்ளே விட்டீர்கள்? ஆறு பேர் அறைக்கு ஒன்பது பேர் வந்து நின்று, 'அவனும் வரட்டுமே சார், ஓரமா நிப்பான்' என்பார்கள். ஓரமாக நிற்க விட்டால் அவன் ஓரமாகத்தான் நிற்பான், வெளியே வந்து மூன்று பேருடைய காசும் வீண் என்று அந்தக் குடும்பமே சொல்லும். இரண்டாகப் பிரித்து இரண்டு நேரத்தில் அனுப்புங்கள், போட்டி போட்டுக்கொண்டு ஆடுவார்கள்.

அடுத்தது, டார்ச் எத்தனை? இருட்டு அறையில் ஒரே ஒரு டார்ச் என்றால் அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் ஆடுகிறார், பெரும்பாலும் அது பெரிய அண்ணன்தான்.

அடுத்தது மொழி. குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் பண்ருட்டியிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்த பாட்டி முதல் நிமிடத்திலேயே பார்வையாளர் ஆகிவிடுவார். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வாசனையில், கோலத்தில், பல்லாங்குழிச் சோழிக் கணக்கில் ஓரிரண்டு புதிர் வையுங்கள், அந்த இடத்தில் பாட்டி தலைவி.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஒருவர்தான் ஆடுகிறார் என்றால் அமைப்பிலேயே கோளாறு. கணினித் திரையில் ஒருவர் உட்கார்ந்து ஆடும் தப்பிக்கும் விளையாட்டுகளைப் பார்த்துத்தான் 2007இல் கியோட்டோவில் தகாவோ கட்டோ இதை நிஜ அறைக்குக் கொண்டுவந்தார். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிர் வந்தால் பரவாயில்லை, ஆடுவது ஒரு ஆள். அறையில் அதே சங்கிலியை வைத்தால் ஆறு பேருக்கு ஒரு மவுஸ் கொடுத்த கதைதான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று புதிர்கள் தனித்தனியாகத் திறந்து கிடந்து, அவற்றின் விடைகள் கடைசியில் ஒரே பூட்டில் சேரவேண்டும். இருக்கும் சாமானை வைத்தே இப்படி மாற்றி அடுக்கமுடியும். இரண்டு நாள் கடையை மூடவேண்டியிருக்கும், அதுதான் செலவு.

## பாதி நேரத்தில் எல்லோரும் தொய்ந்துபோகிறார்கள்

முதலில் நீங்களே உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். வேர்க்கிறதா? மே மாதத்தில் ஜன்னல் இல்லாத அறையில் ஆறு பேர் ஓடியாடும்போது, காலியாக இருந்தபோது வைத்த ஏசி அளவு போதாது. குழு வருவதற்கு அரைமணி முன்பே குளிரவைத்து விடுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு வடிகட்டியையும் கேஸையும் பார்க்கச் சொல்லுங்கள். மழை மாதத்தில் பூஞ்சை வாடை வந்தாலும் அவரிடமே சொல்லுங்கள், ஊதுபத்தி கொளுத்தி மறைக்கவேண்டாம், அது மூச்சை இன்னும் அடைக்கும்.

அப்புறம் புறஊதா டார்ச். செல் தீர்ந்துகொண்டே வரும்போது அது திடீரென்று அணையாது, மங்கும். சுவரில் எழுத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, 'இங்க ஒண்ணும் இல்ல' என்று அடுத்த சுவருக்குப் போய்விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதியதும் பல மாதத்தில் வெளிறிப்போகும். புதுச் செல் போட்டு அதே எழுத்தைப் பாருங்கள், அப்போதும் மங்கலாக இருந்தால் மறுபடி எழுதுங்கள். 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே அதிகம் தெரிந்து எழுத்தை அமுக்கும், 365 கொஞ்சம் விலை, எழுத்து பளிச்சென்று வரும்.

பிறகு க்ளூ. இதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. கடிகாரத்தைப் பார்த்துக் க்ளூ கொடுக்காதீர்கள், கையைப் பாருங்கள். ஏற்கெனவே காலி செய்த பெட்டியை மூன்றாவது முறை ஒருவர் திறந்து பார்க்கிறார் என்றால் அவருக்கு இனி செய்ய ஒன்றும் இல்லை, அந்த நிமிடம் பேசவேண்டும். என்ன பேசுவது? 'அந்தப் பூட்டு நல்லாத்தான் இருக்கு, எண்ணைத்தான் மறுபடி பாருங்க' என்று ஆரம்பியுங்கள். சாமான் கெட்டுப்போச்சோ என்ற சந்தேகத்தை முதல் வார்த்தையிலேயே தீர்த்துவிட்டால் பாதித் தெம்பு திரும்பிவிடும். விடையைச் சொல்லிவிடும் கேம் மாஸ்டர் ஆட்டத்தைக் கெடுக்கிறார், கேட்டால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்திருப்பவரும் அதே அளவு கெடுக்கிறார். நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கவே மாட்டார்கள், தோற்றுப்போனாலும் போவார்கள்.

கேம் மாஸ்டரைப் பழக்கப்படுத்தியும் ஒரே இடத்தில் குழுக் குழுவாக நிற்கிறார்கள் என்றால் அங்கே எதற்கும் பயன்படாத சாமான் கவனத்தை இழுக்கிறதா என்று பாருங்கள். அழகுக்கு வைத்த பழைய தட்டச்சு இயந்திரம், எண் எழுதிய புகைப்படம், யாரோ பேனாவில் கிறுக்கிய அம்புக்குறி. அகற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

## பாதி நேரத்திலேயே முடித்துவிட்டு 'இவ்ளோதானா?' என்கிறார்கள்

ரீசெட்தான் முதல் சந்தேகம். மூன்றாவது பெட்டி பூட்டாமலே கிடந்திருக்கும், அவர்கள் இரண்டு புதிரைத் தாண்டிக் குதித்திருப்பார்கள். நினைவில் வைத்து ரீசெட் செய்யும் பழக்கத்தை நிறுத்தி, கதவுக்குப் பின்னால் தாளில் எழுதி ஒட்டுங்கள், ஒருவர் செய்து இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

எண் பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு பொத்தான் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? அந்த நான்கு எண்ணையும் மாற்றி மாற்றிப் போட 24 வழிதான், இரண்டு நிமிட வேலை. மூன்று இலக்கப் பூட்டில் இரண்டு இலக்கம் தெரிந்துவிட்டால் மிச்சம் பத்தே முயற்சி. ஒன்றுமே தெரியாவிட்டாலும் மொத்தம் ஆயிரம்தான், முயற்சிக்கு இரண்டு நொடி என்றால் அரைமணியைக் கொஞ்சம் தாண்டும், பொறுமைசாலி ஒருவர் மூலையில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருப்பார். முக்கியமான இடத்தில் நான்கு இலக்கமாவது வையுங்கள், எண்ணை அவ்வப்போது மாற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து சீக்கிரம் முடித்தார்கள் என்றால் பழகிய கைகள். அவர்களுக்காக அறையைக் கடினமாக்கவேண்டாம், முன்பதிவின்போதே இதற்கு முன் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டு, க்ளூ இல்லாமல் ஆட ஆசையா என்று கேளுங்கள்.

## ஜெயித்தாலும் முகத்தில் சந்தோஷம் இல்லை, தோற்றால் எரிச்சலோடு போகிறார்கள்

தோற்றவர்கள் பக்கம் முதலில். நேரம் முடிந்ததும் சைரன் அடித்து, விளக்கைப் போட்டு, 'டைம் அவுட் சார், வாங்க' என்று வெளியே கூட்டிவந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அடுத்த குழு காத்திருந்தாலும் ஐந்து நிமிடம் உள்ளேயே நின்று மிச்சப் புதிரைக் காட்டுங்கள். அந்தக் கடைசிப் பூட்டை நீங்கள் திறக்காமல் அவர்களில் ஒருவரைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் இரண்டு முன்பதிவுக்கு நடுவே இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். வார இறுதியில் ஒரு ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேறு வழி இல்லை.

ஜெயித்தவர்கள் பக்கம் கொஞ்சம் சிக்கல். கடைசிப் பூட்டு திறந்ததும் என்ன நடக்கிறது? பல இடங்களில் கதவு திறக்கும், ரிசப்ஷன் தெரியும், புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு மணி நேரம் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வீட்டில் காணாமல்போன நாட்குறிப்புப் பக்கத்தைத் தேடவிட்டு, கடைசியில் அந்தப் பக்கத்தையே காட்டாமல் அனுப்பினால் எப்படி? ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஊர் இது. கதைக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை, ஆனால் தொடங்கிய கதையை முடிக்கவேண்டும். செலவில்லாத வழி, கடைசிப் பெட்டிக்குள் அந்தப் பக்கத்தை வைத்து, ஆடியவர்களில் ஒருவர் சத்தமாகப் படிக்கும்படி நாலே வரி எழுதுவது. கொஞ்சம் செலவானால் அந்த நொடியில் விளக்கு மாறி ஒரு பாட்டு ஒலிக்கும்படி ரிலே ஒன்று சேர்க்கலாம்.

அதற்கும் முகம் மலரவில்லை என்றால் கடைசிப் புதிர் அறையிலேயே சோப்ளாங்கியான புதிராக இருக்கிறது. மற்ற எல்லாப் பூட்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றி எழுதுங்கள். இதற்குத் தச்சரையும் எலக்ட்ரானிக்ஸ் ஆளையும் கூப்பிடுவதற்கு முன், புதிர் போட்டுப் பழகிய ஒருவரையும் இந்த அறையை ஒருதரமும் பார்த்திராத ஒரு குடும்பத்தையும் கூப்பிட்டு, காகிதத்திலும் அட்டைப் பெட்டியிலும் செய்த மாதிரியை ஆடவிட்டுப் பாருங்கள். அட்டைப் பெட்டி திறந்ததும் அவர்கள் கத்தினால் பிறகு மரத்தில் செய்யக் கொடுக்கலாம்.